நாட்டு விதை, வாழைக்கன்று, அம்பை நெல்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரமோ களக்காடோ கோவில்பட்டியோ, விதைப் பகிர்வுக் கூட்டம் எங்கே நடந்தாலும் என் மேசைக்கு வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகள் இருக்கின்றன. நெல்லைச் சீமை என்று நான் சொல்வது பழைய மாவட்டத்தை. 1986-ல் பிரிந்த தூத்துக்குடியும் 2019-ல் பிரிந்த தென்காசியும் அதில் சேர்த்தி.

அண்ணாச்சி, அம்பை பதினாறும் நம்ம ஊரு நெல்லுதானே? அப்ப அதுவும் நாட்டு ரகம்தான?

நம்ம ஊரில் பிறந்த நெல்தான், ஆனால் நாட்டு ரகம் இல்லை. அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-ல் வந்தது. அங்கே ஆடுதுறை 31-ஐயும் கோ 39-ஐயும் கலந்து, பல தலைமுறை தேர்ந்தெடுத்து, 1986-ல் வெளியிட்ட ரகம்தான் அம்பை 16. குட்டையான தாள், தடித்த அரிசி, 110 முதல் 115 நாள். இட்லிக்கு இன்றைக்கும் பெயர் போனது.

நாட்டு ரகம் உழவர் கையிலேயே வளர்ந்தது. யாரும் வெளியிட்ட தேதி கிடையாது. ஒரே வயலில் நின்றாலும் பயிருக்குப் பயிர் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். ஒன்று இரண்டு நாள் முந்திப் பூக்கும், ஒன்று ஒரு சாண் உயரும். அந்த ஏற்றத்தாழ்வைக் குறை என்று நினைக்க வேண்டாம். மழை தவறினாலும் பூச்சி வந்தாலும் வயல் மொத்தமாகப் போகாமல் இருப்பது அதனால்தான்.

அம்பை பதினாறு ஒட்டு ரகமாச்சே, விதை எடுத்து வைக்கக் கூடாதுன்னு கடையில சொல்லுதாங்களே?

தவறு. கலப்பில் பிறந்த ரகம் வேறு, வீரிய ஒட்டு (ஹைபிரிட்) விதை வேறு. அம்பை 16 நிலைபெற்ற ரகம். எடுத்து வைத்த விதை அடுத்த முறையும் அம்பை 16-ஆகவே முளைக்கும். கலவன், அதாவது வேறு ரக நெல், சேராமல் பார்த்துக்கொண்டால் பல பருவம் ஓட்டலாம். வீரிய ஒட்டு விதையில்தான் அடுத்த தலைமுறை தாத்தா பாட்டி குணங்களாகப் பிரிந்து, வயல் மேடும் பள்ளமுமாக நிற்கும். பையில் வீரிய ஒட்டு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மாப்பிள்ளைச் சம்பாவைக் கார்ல போடலாமா? ஜூன்லயே தண்ணி தொறந்துட்டாங்க.

போடாதீர்கள். தாமிரபரணிப் பாசனத்தில் கார் என்பது ஜூனில் தொடங்கி செப்டம்பர், அக்டோபருக்குள் முடிகிற பருவம். தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்து பாபநாசம் அணைக்கு வருகிற தண்ணீரை நம்பி நடப்பது. மாப்பிள்ளைச் சம்பா மாதிரி நீண்ட நாள் சம்பா ரகங்கள் பலவும் பகல் நேரம் குறையும்போதுதான் பூப்பெடுக்கும். ஜூனில் விதைத்தால் தழைத்துக்கொண்டே நிற்கும், கதிர் மட்டும் வராது. கடைசியில் ஐப்பசி மழையில் சாயும். பக்கத்து வயல்காரர் அறுத்து முடித்துப் பிசானத்துக்கு உழும்போது உங்கள் வயல் மட்டும் பச்சையாக நிற்கும்.

காருக்கு அறுபதாங்குறுவை, பூங்கார் போல நாள் குறைந்தவை. அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி, மார்ச் வரை போகிற பிசானத்துக்குத்தான் மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி எல்லாம். நாட்டு ரகம் போட்டு நஷ்டப்பட்டேன் என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்த மாதம் விதைத்தீர்கள் என்பதைத்தான். பாதிப் பேருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

யூரியா கொஞ்சம் கூடப் போட்டா நாட்டு நெல்லும் அம்பை பதினாறு அளவுக்கு வெளையாதா?

விளையாது, சாயும். நாட்டு நெல்லின் தாள் உயரம். தழைச்சத்தைக் கூட்டினால் இன்னும் உயர்ந்து, கதிர் கனத்ததும் படுத்துவிடும். 1966-ல் வந்த ஐ.ஆர். 8 உலகத்தைப் புரட்டியதற்குக் காரணமே அதன் குட்டைத் தாள்தான். உரத்தை வாங்கிக்கொண்டு நின்றது. அதனால் மூட்டைக் கணக்கில் நாட்டு நெல்லைப் போட்டிக்கு விடாதீர்கள். உரச் செலவு, மருந்துச் செலவு, விற்கிற விலை மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வாங்குகிற ஆள் யாரென்று தெரியாமல் மொத்த நிலத்தையும் கவுனிக்கு மாற்றாதீர்கள். விலை கிடைக்கும் என்று யாரோ பேசிய வீடியோவை நம்பி இறங்கியவர்கள், வீட்டில் மூட்டை அடுக்கிவைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்கிறார்கள். யாருக்கு விற்பது என்கிற கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

நாலு வருசமா ஒரே விதைதான். இப்ப வயல்ல பாதி கலவனா நிக்கு. காத்துல மகரந்தம் கலந்துருச்சோ?

காற்றைக் குறை சொல்லாதீர்கள். நெல் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் பயிர். அயல் மகரந்தம் சேர்வது பெரும்பாலும் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. விதை உற்பத்தியில்கூட இரண்டு ரகத்துக்கு நடுவே மூன்று மீட்டர் விட்டால் போதும் என்றுதான் கணக்கு.

கலவனைக் கொண்டுவருவது அறுவடை இயந்திரம். உங்கள் வயலுக்கு வருமுன் வேறொருவர் வயலில் அறுத்திருக்கும். அந்த நெல் அதன் வயிற்றில் தங்கியிருக்கும். முதல் சில மூட்டையில் அது உங்கள் நெல்லோடு வந்து விழும். அப்புறம் களம், சாக்கு, போன பருவத்தில் உதிர்ந்து தானாக முளைத்த நெல், நாற்றங்காலில் பக்கத்துப் பாத்தி. நான்கும் சேர்ந்தால் நாலு வருடம்கூட வேண்டாம்.

வழி சுலபம். வயலின் நடுவில், வரப்பை ஒட்டாத இடத்தில், விதைக்கென்று ஒரு துண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பூக்கும்போது ஒரு முறை, அறுப்புக்கு முன் ஒரு முறை இறங்கி, உயரம், கதிர் நிறம், மூக்கு (நெல்மணியின் நுனி) நிறம் மாறியதையெல்லாம் பிடுங்கிப் போடுங்கள். இயந்திரம் வருவதற்கு முன்பே அந்தத் துண்டைக் கையால் அறுத்து, தனியாக அடித்து, புதுச் சாக்கில் கட்டுங்கள். நல்ல கதிர் பத்தை மட்டும் பொறுக்கி விதையாக்குகிற ஆட்களும் உண்டு. நாட்டு ரகத்தில் அப்படிச் செய்தால் மேலே சொன்ன ஏற்றத்தாழ்வு போய்விடும். நூறு பயிருக்குக் குறையாமல் எடுங்கள்.

விதையை எதுல வைக்க? சாக்கா, டிரம்மா, மண் குதிரா?

எதில் வைக்கிறோம் என்பதைவிட எவ்வளவு காய்ந்தது என்பதுதான் முக்கியம். நெல் விதைக்கு ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கடித்தால் நசுங்காமல் ‘டக்’கென்று உடைய வேண்டும். விதைக்காரர்கள் சொல்லும் ஒரு பொதுக் கணக்கு உண்டு: ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும். நம் ஊர் வெயிலில் வெப்பத்தைக் குறைக்க முடியாது, ஈரத்தைக் குறைக்கலாம். நன்றாகக் காய்ந்த விதைக்கு மூடி இறுகிய டிரம் நல்லது. சரியாகக் காயாததை டிரம்மில் போட்டால் அதுவே பூசணம் பிடிக்க இடமாகும். அதற்குச் சாக்கே மேல். நொச்சி, வேப்பிலை போடுவதென்றால் சருகாகக் காய்ந்த பிறகு போடுங்கள்.

பிசான அறுப்பு வெயில் காலத்தில் வருவதால் விதைக்கு அது தோது. விதைக்கும்போது முட்டை மிதக்கிற அளவுக்குத் தண்ணீரில் உப்பைக் கரைத்து, அதில் விதையைக் கொட்டி, மிதக்கும் பதரை ஒதுக்குங்கள். மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசாமல் விதைத்தால் உப்பு முளைப்பைக் கெடுக்கும்.

கம்புக்கும் கத்தரிக்கும் இதே முறை போதுமா?

கம்புக்குப் போதாது. அது அயல் மகரந்தப் பயிர், காற்றில் கலக்கும். சுற்றிலும் குறைந்தது 200 மீட்டருக்கு வேறு கம்பு இருக்கக் கூடாது. முடியாதென்றால் பக்கத்துக்காரரும் நீங்களும் ஒரே விதையைப் போடுங்கள், சண்டையும் மிச்சம். கத்தரியில் தேனீ கொஞ்சம் கலந்துவிடும். விதைக்கு நினைத்த செடியில், பூ விரியுமுன் மெல்லிய துணிப்பை கட்டி, காய் பிடித்ததும் அவிழ்த்துவிட்டு, பழம் மஞ்சளாகிப் பழுத்த பின் விதை எடுங்கள்.

கரிசல்ல கருங்கண்ணிப் பருத்தி போட்டிருக்கேன். பக்கத்துல எல்லாம் பி.டி. கலந்துருமா?

கருங்கண்ணிக்காரர்கள் எல்லோருக்கும் இருக்கிற பயம் இது. பயிரில் கலக்காது என்றே சொல்லலாம். கருங்கண்ணி ஆசியப் பருத்தி இனம்; அதன் செல்லில் 26 குரோமோசோம்கள். புழுவை எதிர்க்க மரபணு மாற்றிய பி.டி. பருத்தி அமெரிக்க இனம், அதில் 52. இரண்டும் இயற்கையில் கூடி விதை பிடிப்பது மிக அரிது. அப்படியே பிடித்தாலும் அந்தச் செடி மலடாக நிற்கும்.

கலப்பு நடப்பது பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஜின்னிங்கில். ஒரே எந்திரத்தில் முந்தைய ஆளின் பஞ்சு ஓடியிருக்கும். கொட்டை கலந்துதான் திரும்பி வரும். விதைக்கான பஞ்சைக் கையால் கொட்டை எடுங்கள். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் இருக்கிறது. மானாவாரிக் கரிசலுக்கான பருத்தி, சோளம் எல்லாவற்றுக்கும் அங்கே ஆள் உண்டு. போய்க் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

வாழைக்கு வெதையே கெடையாது. பெறகு என்ன ரகம், என்ன பல்லுயிர்?

நல்ல கேள்வி. நாம் தின்னும் வாழைகள் இரண்டு காட்டு இனங்களின் வாரிசு. ஒன்றை ‘ஏ’ என்றும் மற்றதை ‘பி’ என்றும் ஆராய்ச்சிக்காரர்கள் குறிப்பார்கள். செவ்வாழை முழுக்க ஏ. ஏத்தன் (நேந்திரன்), ரஸ்தாளி, பூவன் மூன்றிலும் ஏ இரண்டு பங்கு, பி ஒரு பங்கு. மொந்தனிலும் கற்பூரவல்லியிலும் பி இரண்டு பங்கு. இப்படி மும்மடங்காக நிற்பதால்தான் விதை பிடிப்பதில்லை. பொதிகைச் சரிவுப் பாறைகளில் நிற்கும் கல்வாழையின் பழத்தைப் பிளந்தால் உள்ளே கறுப்புக் கொட்டையாகவே இருக்கும். அது வாழையின் தூரத்துச் சொந்தம், பக்கக்கன்றும் விடாது.

விதை இல்லாததால் களக்காட்டில் நிற்கும் ஏத்தன் எல்லாம் ஒரே தாயின் பிரதி மாதிரிதான். ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும். அமெரிக்கக் கண்டத்துத் தோட்டங்களில் க்ரோஸ் மிஷேல் என்ற ஒரே வாழையை வைத்து ஏற்றுமதி செய்தார்கள். பனாமா வாடல் நோய் வந்து, 1960-களுக்குள் வியாபாரத்திலிருந்தே அது போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்த கேவண்டிஷையும் இப்போது அதே நோயின் டி.ஆர். 4 என்னும் புதுவகை பிடிக்கிறது. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் வந்துவிட்டது. அந்தப் பூசணம் மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும், மருந்து அடித்து ஒழிக்க முடியாது. இங்கே ரஸ்தாளிக்காரர்களுக்கு வாடல் நோயைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐந்து ஏக்கரில் ஒரே வாழை போடுகிறவரிடம் நான் கேட்பது இதுதான்: ஓர் ஏக்கரில் வேறு வகை வைத்தால் என்ன குறைந்துவிடும்?

திசு வளர்ப்புக் கன்று வாங்கவா, பக்கக்கன்றா?

திசு வளர்ப்புக் கன்று மண்ணைத் தொடாமல் வளர்ந்ததால் வாடல் நோயும் கிழங்கு வண்டும் ஒட்டி வராது. ஆனால் தாய் மரத்தில் முடிக்கொத்து நோய் இருந்தால் கன்றிலும் இருக்கும். தாய்க்கு வைரஸ் சோதனை செய்தார்களா என்று கேட்டு வாங்குங்கள். பக்கக்கன்று என்றால் அகல இலைக் கன்றை விட்டு ஈட்டி இலைக் கன்றை, நோயில்லாத தோப்பிலிருந்து எடுத்து, வேரைச் சீவி நடுங்கள். முடிக்கொத்து நோயை அசுவினி பரப்பும். நோய் வந்த மரத்தைப் பார்த்த அன்றே கிழங்கோடு தோண்டி அழித்துவிடுங்கள். ‘குலை தள்ளட்டும்’ என்று காத்திருப்பவர்கள் தோப்பையே இழக்கிறார்கள்.

அவுரி பயறு சாதிதானே? மண்ணுக்குத் தழைச்சத்து வருமா?

வராது. இங்கே வியாபாரிகள் அவுரி என்று வாங்கும் நிலாவாரை பயறுக்குடும்பம்தான், ஆனாலும் பயறு மாதிரி இல்லை. அதன் வேரில் முடிச்சு பிடிப்பதில்லை. மலச்சிக்கல் மருந்துக்காக உலகம் முழுக்கத் ‘திருநெல்வேலி சென்னா’ என்ற பெயரில் மருந்து நூல்களில் ஏறிய இலை இது. அரபு நாட்டுச் செடி, நம் மானாவாரியில் ஊன்றிக்கொண்டது. தண்ணீர் குறைவு, செலவு குறைவு. ஆனால் உரத்துக்கு இதை நம்ப வேண்டாம்.

அப்ப உரத்துக்கு எதைப் போட?

பிசானம் அறுத்ததற்கும் கார் தொடங்குவதற்கும் நடுவே நிலம் சும்மாதான் கிடக்கிறது. தண்ணீர் கொஞ்சம் இருந்தால் தக்கைப்பூண்டு. பூக்கத் தொடங்கியதும் மடக்கி உழுதுவிடுங்கள். தண்ணீரே இல்லையென்றால் கொளுஞ்சி. அதன் விதைத்தோல் கெட்டி, மணலில் தேய்த்து விதைத்தால்தான் முளைக்கும். ஒரு தடவை நிலத்தில் ஏறிவிட்டால் பிறகு வருடாவருடம் உதிர்ந்த விதையிலிருந்தே வரும். ஆடுமாடு விரும்பித் தின்னாது, அதனால் வேலி வேண்டாம். கிடை போட ஆள் கிடைத்தால் அதையும் விடாதீர்கள்.

பனங்கொட்டை ஊன்றுதேன். அலகா பருவமான்னு எப்பத் தெரியும்?

அலகு என்றால் ஆண் பனை, பருவம் என்றால் பெண் பனை. முதல் பாளை வரும்போதுதான் தெரியும். பன்னிரண்டு, பதினைந்து வருடம்கூட ஆகும். அதற்கு முன் இலையைப் பார்த்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள். அலகுப்பனையிலும் பதநீர் இறங்கும் என்பதால் கவலையில்லை.

பொதிகை மலைக் காட்டைக் காப்பாத்துனா என் வயலுக்கு என்ன லாபம்?

தண்ணீரை விட்டுவிடுவோம், தாமிரபரணி எங்கே பிறக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். விதைக் கணக்கைப் பார்ப்போம். 1970-களில் புல்தழைக் குட்டை நோய் ஆசியாவின் நெல் வயல்களில் பரவியது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தது. எதிர்ப்புச் சக்தி இருந்தது ஒரே ஒரு காட்டு நெல் மாதிரியில். உத்தரப் பிரதேசத்தில் சேகரித்தது. அதைக் கலந்து எடுத்தவற்றில் ஒன்றுதான் 1976-ல் வந்த ஐ.ஆர். 36. அந்தக் காட்டு நெல்லோ யாரும் பயிரிடாத ஒரு புல்.

பொதிகையை உள்ளடக்கிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001-ல் அறிவிக்கப்பட்டு, 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சுமார் 3,500 சதுர கிலோமீட்டர்; அங்கே மட்டுமே வளரும் தாவர வகைகள் சுமார் 400. மிளகு, ஏலம், நாவல், சாதிக்காய், வாழை ஆகியவற்றின் காட்டுச் சொந்தங்கள் அங்கேதான் நிற்கின்றன. அதற்காக நீங்கள் பையோடு காட்டுக்குள் போகாதீர்கள். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம், ஒரு கொட்டை எடுக்கவும் அனுமதி வேண்டும்.

2023 வெள்ளத்துல எல்லாம் முங்கிப் போச்சு. முங்குனாலும் சாகாத நெல் இருக்காமே, நெசமா?

நிஜம். அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது; அதற்கு எந்த ரகமும் காப்பீடு இல்லை, மணல் மூடிய வயலை நெல் மீட்காது. ஆனால் சாதாரணமாக ஒன்றிரண்டு வாரம் தண்ணீருக்குள் கிடந்தாலும் பிழைக்கிற ரகங்கள் இருக்கின்றன. ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து எடுத்த எஃப்.ஆர். 13ஏ-யில் இருந்த சப் 1 என்ற மரபணுதான் காரணம். மூழ்கியதும் பயிர் உயர முயலாமல் சக்தியை அடக்கி வைத்து, தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். சி.ஆர். 1009 சப் 1 நம் மாநிலத்திலேயே கிடைக்கிறது. பூப்பெடுத்த பிறகு மூழ்கினால் மட்டும் இதுவும் உதவாது. நாட்டு நெல்லும் ஆராய்ச்சி நிலையமும் எதிரெதிர்க் கட்சி என்று பேசுகிறவர்களுக்கு இந்த ரகத்தைத்தான் காட்டுவேன்.

விதையையெல்லாம் அரசாங்கம் ஃபிரீசர்ல வச்சிருக்காமே, பெறகு நாம எதுக்குச் சிரமப்படணும்?

டெல்லி தேசிய மரபணு வங்கியில் மைனஸ் 18 டிகிரி உறைகுளிரில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. கட்டாயம் வேண்டியதுதான். ஆனால் உறைந்த விதை அது உறைந்த நாளிலேயே நிற்கிறது. வயலில் நிற்பது ஒவ்வொரு பருவத்தின் பூச்சிக்கும் வெயிலுக்கும் பழகிக்கொண்டே வருகிறது. இன்னொன்று, பலாக்கொட்டையையும் மாங்கொட்டையையும் காயவைத்து உறைய வைத்தால் செத்துப்போகும். வாழைக்கோ விதையே இல்லை, மேலே பார்த்தோம். இவற்றைத் தோட்டத்திலோ சோதனைக் குழாயிலோ உயிரோடுதான் வைத்திருக்க வேண்டும். உங்கள் கொல்லைப் பலாவை வெட்டினால் அதன் பிரதி எந்த ஃபிரீசரிலும் இருக்காது.

என் விதையை நான் வித்தா கேஸ் போடுவாங்களா?

2001-ஆம் ஆண்டு தாவர ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவைப் படியுங்கள். விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உழவருக்கு உரிமை உண்டு. பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தாலும்கூட. ஒரே தடை, அந்த ரகத்தின் விதையை முத்திரை குத்திய பையில் போட்டு வணிகப் பெயரோடு விற்கக் கூடாது.

எங்க ஊர்த் தாத்தா ஒருத்தர்ட்ட மட்டும் ஒரு நெல்லு இருக்கு. பேரு அவருக்கே தெரியல. என்ன செய்யட்டும்?

முதலில் இரண்டு படி வாங்குங்கள், இந்தப் பருவத்திலேயே. எந்த மாதம் விதைப்பார், எத்தனை நாள், எந்த மடை நிலம், சோறுக்கா அவலுக்கா என்று அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். விதைப்பு மாதம் ஏன் முக்கியம் என்று மாப்பிள்ளைச் சம்பா கேள்வியில் பார்த்தோம். வேறு வேறு வாய்க்காலில் நிலம் இருக்கிற மூன்று பேரிடம் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் வயல் மூழ்கினாலும் மற்றவரிடம் மிஞ்சும். ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பருவம் குணம் மாறாமல் வந்தால் மேலே சொன்ன சட்டத்தின்படி உழவர் ரகமாகவே பதியலாம், உழவருக்குக் கட்டணம் கிடையாது.

பெயர் தெரியாவிட்டால் ஊர்ப் பெயரையும் விதை வாங்கிய வருடத்தையும் சாக்கில் எழுதிவிடுங்கள். கூட்டத்தில் யாராவது பார்த்துவிட்டு ‘இது ஆனைக்கொம்பன்தான்’ என்று அடித்துச் சொல்வார். அந்தப் பெயரை மட்டும் ஒட்டாதீர்கள்; அப்படி ஒட்டப்பட்ட மூன்று வேறு வேறு நெல் என் அலமாரியில் ஒரே பெயரில் இருக்கிறது.